சேமிப்பகத்தில் யார் யாருக்குக் கணக்கு?

1986ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தின் கணினிப் பிரிவில் கிளிஃபர்ட் ஸ்டோல் என்பவர் புதிதாகச் சேர்ந்திருந்தார். அவர் உண்மையில் ஒரு வானியலாளர். ஆராய்ச்சிக்கான நிதி தீர்ந்துபோனதால் கணினிப் பிரிவுக்கு வந்தவர். அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை அற்பமானதாகத் தோன்றியது. அந்தக் காலத்தில் கணினியைப் பயன்படுத்தும் ஒவ்வொரு நிமிடத்திற்கும் கட்டணம் உண்டு. அந்த மாதக் கணக்கில் 75 சென்ட் இடித்தது. அது ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஸ்டோல் பயனர்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தார். ‘ஹன்டர்’ என்று ஒரு கணக்கு இருந்தது. அந்தப் பெயரில் கட்டணம் அனுப்புவதற்கு முகவரி இல்லை. அப்படி ஒருவர் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்ததாகவும் யாருக்கும் தெரியவில்லை. அடுத்து, வெளிநாட்டில் இருந்த ஓர் ஆய்வாளரின் பழைய கணக்கிலிருந்து யாரோ நள்ளிரவில் நுழைந்து, வேறு கணினிகளுக்குள் புகப் பார்ப்பது தெரிய வந்தது. உரியவர் அங்கு இல்லை. ஆனால், அவருடைய கணக்கு அங்கேயே இருந்தது. பல மாதங்கள் தொடர்ந்து தடம்பிடித்த பிறகு அந்த ஊடுருவல் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் போய் முடிந்தது. அமெரிக்க இராணுவக் கணினிகளிலிருந்து தகவல்களைத் திருடிச் சோவியத் உளவுத்துறைக்கு விற்ற ஒரு கும்பல் அது. 1990இல் அவர்கள் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது.

75 சென்ட்டில் தொடங்கி உளவாளிகளில் முடிந்த இந்தக் கதையில் ஸ்டோல் முதலில் கேட்ட கேள்வி எளிமையானது: “இந்தக் கணினியில் யார் யாருக்குக் கணக்கு உள்ளது?”

இதே கேள்வியை உங்கள் பள்ளியிலும் கேட்கலாம். இன்று பல பள்ளிகளில், பாடக்குறிப்புகள், தேர்வுத்தாள்கள், விளையாட்டுப் போட்டி நிழற்படங்கள் ஆகியவற்றை ஒரே இடத்தில் சேர்த்து வைக்க வலையமைப்புச் சேமிப்பகம் ஒன்று இருக்கும். பார்ப்பதற்கு ஒரு சிறிய ரொட்டிச் சூட்டடுப்பு போல இருக்கும். உள்ளே இரண்டு அல்லது நான்கு வன்தட்டுகள் இருக்கும். அது வெறும் பெட்டி அன்று. அதுவும் ஒரு கணினிதான். இத்தகைய பெட்டிகளில் பல, லினக்ஸ் இயங்குதளத்தைக் கொண்டு இயங்குகின்றன. எனவே, லினக்ஸ் கணினியில் பயனர்களைப் பட்டியலிடும் முறை இவற்றிலும் பெரும்பாலும் பொருந்தும்.

‘சேமிப்பகத்தின் நிர்வாகப் பக்கத்தை உலாவியில் திறந்தால் பட்டியல் வந்துவிடுமே, கட்டளைவரி எதற்கு?’ என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால், அந்த அழகான பக்கம் தான் காட்ட விரும்புவதை மட்டுமே காட்டும். கணினி தனக்காக வைத்திருக்கும் கணக்குகளை அது பெரும்பாலும் மறைத்துவிடும். கட்டளைவரியோ கேட்டதைக் கேட்டபடியே தரும். அதோடு, வந்த பட்டியலை எண்ணலாம், வடிகட்டலாம், கோப்பாகச் சேமித்து அடுத்த ஆண்டுப் பட்டியலோடு ஒப்பிடலாம்.

கீழே வரும் கட்டளைகள் யாவும் ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. திரையில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். 

முதலில் மடிக்கணினியிலிருந்து சேமிப்பகத்திற்குள் நுழைய வேண்டும். அதற்கு ‘எஸ்எஸ்எச்’ என்ற வழி உள்ளது. பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தத்து யுலோனென் என்பவர் 1995இல் இதை உருவாக்கினார். அதற்கு முன்பிருந்த முறைகளில் கடவுச்சொல் கம்பி வழியே மறைக்கப்படாமல் சென்றது. வழியில் யார் வேண்டுமானாலும் படித்துவிடலாம். எஸ்எஸ்எச் அதை மறைகுறியாக்கி அனுப்புகிறது. பெரும்பாலான சேமிப்பகங்களில் இந்த வழி அடைத்தே வைக்கப்பட்டிருக்கும். நிர்வாகி தேவைப்படும்போது திறந்து, வேலை முடிந்ததும் மீண்டும் அடைப்பது நல்லது.

உள்ளே நுழைந்ததும் கருந்திரையில் ஒரு சுட்டி மினுக்கிக்கொண்டிருக்கும். அங்கே, ‘கெட்என்ட்’ என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, ‘பாஸ்டபிள்யூடி’ என்று எழுதி, நுழைவு விசையைத் தட்டினால் போதும். முதலாவது சொல் ‘பதிவுகளைக் கொண்டு வா’ என்பதன் சுருக்கம். இரண்டாவது, கடவுச்சொல்லுக்குரிய ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். உடனே வரிகள் சரசரவென்று ஓடி நிற்கும். அவற்றுள் ஒரு வரி இப்படி இருக்கலாம்:

நூலகம்:எக்ஸ்:1003:100:பள்ளி நூலகம்:/ஹோம்/நூலகம்:/பின்/பாஷ்

ஒவ்வொரு வரியும் ஒரு கணக்கு. முக்காற்புள்ளிகள் ஒரு வரியை ஏழு கட்டங்களாகப் பிரிக்கின்றன. முதற்கட்டம் பயனர் பெயர். மூன்றாவது, பயனர் எண். நான்காவது, அவர் சேர்ந்திருக்கும் குழுவின் எண். ஐந்தாவது, மனிதர்கள் படிப்பதற்கான ஒரு குறிப்பு. ஆறாவது, அவருடைய கோப்புகள் இருக்கும் இல்லக் கோப்புறை. ஏழாவது, அவர் உள்ளே வந்ததும் ஓடத் தொடங்கும் நிரல். இரண்டாவது கட்டத்தில் உள்ள ‘எக்ஸ்’ என்ற எழுத்துக்கு மட்டும் தனிக் கதை உண்டு.

இந்த வடிவம் யூனிக்ஸ் இயங்குதளத்திலிருந்து வந்தது. கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகிய இருவரும் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் அதன் உருவாக்கத்தைத் தொடங்கினார்கள். அக்காலத்தில் இரண்டாவது கட்டத்தில்தான் கடவுச்சொல்லே இருந்தது. தொடக்கத்தில் அப்படியே எழுதப்பட்ட அது, விரைவிலேயே வேறு முறைக்கு மாறியது. ஒரு கணக்கீட்டின் வழியாக உருமாற்றி எழுதப்பட்டது. உருமாறியதிலிருந்து மூலச் சொல்லை நேரடியாகத் திரும்பப் பெற முடியாது என்பதால், கோப்பை எல்லாரும் படிக்கும்படி விட்டுவைத்தார்கள். நேரடியாக முடியாதுதான், ஆனால், ஊகித்துப் பார்க்கலாமே! அகராதியில் உள்ள சொற்களை ஒவ்வொன்றாக உருமாற்றி, எது பொருந்துகிறது என்று பார்த்தால் எளிய கடவுச்சொற்கள் மாட்டிக்கொள்ளும். பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் நுழைந்தவனும் கடவுச்சொல் கோப்பைத்தான் நகலெடுத்துச் சென்றான். பின்னர், உருமாறிய கடவுச்சொற்கள் ‘நிழல்’ என்று பொருள்படும் பெயரைக் கொண்ட வேறொரு கோப்புக்கு மாற்றப்பட்டன. அதை நிர்வாகி மட்டுமே படிக்க முடியும். பழைய இடத்தில் எஞ்சியிருப்பது அந்த ‘எக்ஸ்’ மட்டுமே.

தாம்சன் போன்றவர்கள் என்ன கடவுச்சொல் வைத்திருந்தார்கள் என்று அறிய உங்களுக்கும் ஆவல் இருக்கும். யூனிக்ஸின் பழைய பதிப்பு ஒன்றின் மூலக்கோப்புகளோடு அவர்களுடைய கடவுச்சொல் வரிகளும் வெளியே வந்திருந்தன. ரிட்சியினுடையது வெறும் நான்கு எழுத்துகள். தாம்சனுடையது நெடுங்காலம் பிடிகொடுக்கவில்லை. 2019ஆம் ஆண்டில்தான், சக்தி வாய்ந்த வரைகலை அட்டை ஒன்றைச் சில நாள் ஓடவிட்டு, ஆர்வலர் ஒருவர் அதை உடைத்தார். அது சதுரங்க ஆட்டத்தில் இராணிக்கு முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்துவதைக் குறிக்கும் குறியீடு. தாம்சன் சதுரங்கம் ஆடும் கணினிகளையும் உருவாக்கியவர் என்பது தெரிந்தால் வியப்பு இராது.

சரி, பட்டியலுக்குத் திரும்புவோம். முதன்முறையாக இப்பட்டியலைப் பார்க்கும் மாணவர்கள் பெரும்பாலும் அதிர்ந்துவிடுகிறார்கள். பன்னிரண்டு பேர் பயன்படுத்தும் சேமிப்பகத்தில் முப்பது, நாற்பது வரிகள் வந்து நிற்கும். ‘ரூட்’, ‘டீமன்’, ‘எல்பி’, ‘நோபடி’ என்றெல்லாம் பெயர்கள் இருக்கும். யாரோ ஊடுருவிவிட்டார்கள் என்று பதற வேண்டியதில்லை. இவை மனிதர்களின் கணக்குகள் அல்ல, பணிகளின் கணக்குகள். அச்சிடும் பணிக்கு ஒரு கணக்கு, வலைப்பக்கம் காட்டும் பணிக்கு ஒரு கணக்கு எனக் கணினியே வைத்துக்கொள்கிறது. அச்சிடும் நிரலில் ஒரு கோளாறு ஏற்பட்டு அது தீயவர் கையில் சிக்கினாலும், அச்சுப் பணிக்குரிய கோப்புகளைத் தவிர மற்றவற்றைத் தொட முடியாமல் இருப்பதற்கே இந்த ஏற்பாடு. இத்தகைய வரிகளின் ஏழாவது கட்டத்தில் ‘நோலாகின்’ என்று இருப்பதைக் காணலாம். இந்தப் பெயரில் எவரும் கட்டளைத்திரைக்குள் வர முடியாது என்பது அதன் பொருள்.

மனிதர்களை மட்டும் பிரித்தெடுக்க எண் உதவும். இன்றைய லினக்ஸ் வகைகள் பெரும்பாலானவற்றில் மனிதப் பயனர்களின் எண்கள் 1000இலிருந்து தொடங்குகின்றன. சில சேமிப்பக உற்பத்தியாளர்கள் தங்களுக்கென வேறு தொடக்க எண் வைத்திருப்பதால் சாதனத்தின் கையேட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது. முதல் கட்டளையின் முடிவில் ஒரு செங்குத்துக் கோட்டைப் போட்டு, அதன்பின் ‘ஆக்’ என்ற நிரலை அழைத்து, மூன்றாவது கட்டம் 1000 அல்லது அதற்கு மேல் உள்ள வரிகளின் முதற்கட்டத்தை மட்டும் காட்டு என்று சொல்லலாம். செங்குத்துக் கோடு ஒரு குழாய் போன்றது; இடப்பக்கக் கட்டளை கக்குவதை வலப்பக்கக் கட்டளைக்கு ஊட்டிவிடும். ‘ஆக்’ என்ற பெயர், அதை எழுதிய ஆஹோ, வெயின்பெர்கர், கெர்னிகன் ஆகிய மூவரின் பெயர்களின் முதலெழுத்துகளால் ஆனது.

இந்த வடிகட்டலில் ‘நோபடி’ என்பதும் வந்து நிற்கும். ‘யாருமில்லை’ என்று பொருள்படும் அந்தக் கணக்கின் எண் பெரும்பாலும் 65534 ஆக இருப்பதே அதற்குக் காரணம். மறுமுனையில் இருப்பது 0. எண் 0 யாரிடம் இருக்கிறதோ அவரே கணினியின் முழு அதிகாரி. ‘ரூட்’ என்ற பெயருக்கு அந்த அதிகாரம் இல்லை, எண்ணுக்குத்தான் உண்டு. மூன்றாவது கட்டத்தில் 0 உள்ள வரி இரண்டு இருந்தால், அங்கே கட்டாயம் நின்று விசாரிக்க வேண்டும்.

எண்ணுக்கு ஏன் இவ்வளவு முதன்மை? வன்தட்டில் ஒரு கோப்பு எழுதப்படும்போது அதன் உரிமையாளரின் பெயர் எழுதப்படுவதில்லை. எண் மட்டுமே எழுதப்படுகிறது. கோப்புகளைப் பட்டியலிடும்போது கணினி அந்த எண்ணை எடுத்து, நாம் பார்த்த பட்டியலில் தேடி, பெயராக மாற்றிக் காட்டுகிறது. பட்டியலை எல்லாரும் படிக்கும்படி வைத்திருப்பதற்கு இதுவே முதற்காரணம். கேட்பதற்குச் சிறிய செய்திதான். ஆனால், இதன் விளைவைப் பாருங்கள்.

ஒரு பள்ளியின் ஆலோசக ஆசிரியர் வேறு பள்ளிக்கு மாற்றலாகிச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பயனர் எண் 1012. பட்டியலின் கடைசி எண்ணும் அதுவே. மாணவர்கள் அவரிடம் மனம்விட்டுப் பேசியவற்றின் குறிப்புகள் சேமிப்பகத்தில் உள்ளன. நிர்வாகி அவருடைய கணக்கை நீக்கிவிடுகிறார். கோப்புகளை நீக்க மறந்துவிடுகிறார். இப்போது அக்கோப்புகளின் உரிமையாளர் இடத்தில் பெயர் இல்லை. 1012 என்ற எண் மட்டும் அநாதையாக நிற்கிறது. அடுத்த வாரம் விளையாட்டுப் போட்டிச் செயற்குழுவுக்காகப் புதிய கணக்கு ஒன்று தொடங்கப்படுகிறது. லினக்ஸின் வழக்கமான கட்டளை, இருப்பவற்றுள் மிகப் பெரிய எண்ணோடு ஒன்றைக் கூட்டிப் புதியவருக்குத் தரும். இருப்பவற்றுள் பெரியது 1011. ஆகவே, செயற்குழுவுக்குக் கிடைக்கும் எண் 1012. அந்த நொடியே ஆலோசனைக் குறிப்புகள் அனைத்தும் விளையாட்டுப் போட்டிச் செயற்குழுவின் உடைமையாகிவிடுகின்றன. யாரும் திருடவில்லை, எந்தக் கடவுச்சொல்லும் உடைக்கப்படவில்லை. இதனால்தான் அனுபவமுள்ள நிர்வாகிகள் ஒரு கணக்கை உடனே நீக்குவதில்லை. முதலில் முடக்கி வைப்பார்கள். ‘ஃபைண்ட்’ என்ற கட்டளையுடன் ‘யூசர்’ என்ற விருப்பத்தைச் சேர்த்து, அந்தக் கணக்குக்கு உரிய கோப்புகளைத் தேடிப் பார்த்த பிறகே நீக்குவார்கள்.

சேமிப்பகத்தில் இன்னொரு பட்டியலும் இருக்கக்கூடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். விண்டோஸ் கணினிகள் வலையமைப்பு வழியாகக் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறையின் பெயர் ‘எஸ்எம்பி’. லினக்ஸ் பெட்டியை அந்த மொழியில் பேச வைப்பது ‘சம்பா’ என்ற மென்பொருள். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் இதைத் தொடங்கினார். எஸ், எம், பி ஆகிய எழுத்துகள் அதே வரிசையில் வரும் சொல் ஒன்றை அகராதிக் கோப்பில் கணினியையே தேடச் சொல்லி, இப்பெயரைச் சூட்டினாராம். நம் சம்பா அரிசிக்கும் இதற்கும் உறவில்லை. சம்பா தனக்கென ஒரு கடவுச்சொல் பட்டியலை வைத்திருக்கிறது. ‘பிடிபிஎடிட்’ என்ற கட்டளையுடன் பெரிய ‘எல்’ எழுத்தை விருப்பமாகச் சேர்த்தால் அப்பட்டியல் வரும். முதற்பட்டியலில் ஒருவரைப் பார்த்துவிட்டு இரண்டாவதைப் பார்க்காமல் விட்டால் வேலை பாதிதான் முடிந்திருக்கும்.

கணக்குகளைப் பட்டியலிடுவது குற்றமா? உங்களுக்குப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்ட கணினியில் இல்லை. ஆனால், அனுமதியின்றிப் பிறருடைய கணினிக்குள் நுழைவதை மலேசியாவின் 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டம் குற்றமாக வரையறுத்துள்ளது. ‘பார்க்க மட்டுமே செய்தேன், எதையும் அழிக்கவில்லை’ என்பது அங்கே சாக்காகாது. ஆகவே, ஆசிரியரின் அனுமதியோடு, ஆசிரியர் அருகில் இருக்கும்போது மட்டுமே இப்பயிற்சியைச் செய்யுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றிருந்தபோது, கணினிக் கழக மாணவர்கள் இதே வேலையைச் செய்வதை அருகிலிருந்து பார்த்தேன். பொறுப்பாசிரியர் அனுமதி கொடுத்து, பின்னால் நின்று கவனித்துக்கொண்டிருந்தார். மனிதக் கணக்குகள் என்று இருபத்து மூன்று பெயர்கள் வந்தன. மாணவர்கள் அவற்றைத் தாளில் எழுதி, பள்ளியின் இப்போதைய ஆசிரியர் பெயர்ப்பட்டியலோடு ஒப்பிட்டார்கள். ஆறு பெயர்கள் பொருந்தவில்லை. நால்வர் மாற்றலாகிச் சென்றவர்கள். ஒருவர் பணி ஓய்வு பெற்றவர். ஆறாவது கணக்கின் பெயர் ‘ஸ்கேன்’. ஐந்தாவது கட்டத்தில் குறிப்பு எதுவும் இல்லை.

“ஐயா, இது யாருடைய கணக்கு?” என்று படிவம் நான்கு மாணவி ஒருவர் கேட்டார்.

“எனக்கும் தெரியவில்லையம்மா. கடைசியாக எப்போது உள்ளே வந்திருக்கிறது என்று பாருங்கள்,” என்றார் ஆசிரியர்.

அவர் ‘லாஸ்ட்’ என்ற கட்டளையைத் தட்டினார். யார், எப்போது, எங்கிருந்து நுழைந்தார்கள் என்பதைக் காட்டும் கட்டளை அது. ‘ஸ்கேன்’ என்ற பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. ஒருமுறையும் பயன்படுத்தப்படாத கணக்கு என்று அனைவரும் முடிவு செய்தார்கள். நானும்தான் தலையாட்டினேன். மற்ற ஐந்து கணக்குகளோடு அதையும் முடக்கினார்கள். நீக்கவில்லை என்பது நல்ல காலம்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கே அலுவலக எழுத்தர் கணினிக் கூடத்திற்கு வந்துவிட்டார். நகலெடுக்கும் இயந்திரம் வருடிய கடிதங்களைச் சேமிப்பகத்திற்கு அனுப்ப மறுக்கிறது என்றார். அந்த இயந்திரத்தை நிறுவியவர் அதற்கென ஒரு கணக்கைத் தொடங்கியிருந்தார். அது கட்டளைத்திரை வழியாக ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. சம்பா வழியாக மட்டுமே கோப்புகளை வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அத்தகைய வருகைகளை ‘லாஸ்ட்’ கட்டளை பதிவு செய்வதில்லை. பார்க்க வேண்டிய இடம் சம்பாவின் பதிவேடு.

மாணவி கணக்கை மீண்டும் இயக்கினார். பிறகு ஐந்தாவது கட்டத்தை மாற்றும் கட்டளையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, ‘அலுவலக நகல் இயந்திரம், முடக்க வேண்டாம்’ என்று எழுதி வைத்தார்.